வளரும் கால்களை அளப்பது எப்படி?

ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரில் 2024 டிசம்பர் 7 அன்று, 16 வயதுப் பள்ளி மாணவர் ஒருவர் 200 மீட்டர் தூரத்தை 20.04 விநாடிகளில் கடந்தார். தெற்கு சூடானிலிருந்து குடிபெயர்ந்த பெற்றோருக்குப் பிறந்த கவுட் கவுட் என்னும் அந்த மாணவர் முறியடித்தது, 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் பீட்டர் நார்மன் படைத்த 20.06 விநாடிகள் என்ற ஆஸ்திரேலியச் சாதனையை. 56 ஆண்டுகளாகப் பெரியவர்கள் எவராலும் நெருங்க முடியாத ஒன்றை, மீசை முளைக்காத ஒருவர் தகர்த்துவிட்டார். அதே 16 வயதில் உசைன் போல்ட்டின் சிறந்த நேரம் 20.13 என்று உலக ஊடகங்கள் ஒப்பிட்டு எழுதின.

அந்தக் காணொளி நம் ஊர்க் கைப்பேசிகளுக்கும் வந்து சேர்ந்தது. அரசுப் பள்ளியில் 29 ஆண்டுகள் உடற்கல்வி ஆசிரியராக இருந்து ஓய்வுபெற்ற என்னிடம், அதற்குப் பிறகு பெற்றோர் பலர் ஒரே கேள்வியைக் கேட்டார்கள்: “என் மகனுக்கு 13 வயது. 100 மீட்டரை 12.6 விநாடிகளில் ஓடுகிறான். இவனை எவ்வளவு தூரம் கொண்டுபோகலாம்?” நான் திருப்பிக் கேட்ட கேள்வி அவர்களுக்கு ஏமாற்றத்தையே தந்திருக்கும்: “சென்ற ஆண்டு இதே மாதத்தில் அவன் உயரம் என்ன?” பத்துப் பேரில் ஒருவருக்குக்கூட விடை தெரியவில்லை. அவர்களைக் குறைசொல்ல முடியாது. பணியில் இருந்த காலத்தின் பெரும்பகுதியில் எனக்கும் அந்தக் கேள்வி தோன்றியதில்லை.

வளரிளம் பருவத்தினரின் ஓட்ட வேகத்தைத் தீர்மானிப்பவை எவை என்பது விளையாட்டுத் துறைக்குள் மட்டும் பேசி முடிக்கும் செய்தி அன்று. விளையாட்டு விடுதிச் சேர்க்கை, கல்லூரி இட ஒதுக்கீடு, அரசு வேலையில் விளையாட்டுப் பிரிவு என ஒரு ஏழைக் குடும்பத்தின் பாதையை மாற்றக்கூடிய பல கதவுகள், 12 வயதிலிருந்து 17 வயதுக்குள் எடுக்கப்படும் ஒரு சில விநாடிக் கணக்கில்தான் திறக்கின்றன, மூடுகின்றன. அந்தக் கணக்கை நாம் எப்படி எடுக்கிறோம் என்பதில்தான் எனக்குக் கவலை.

வேகம் எங்கிருந்து வருகிறது?

கால்களை வேகவேகமாக வீசுபவரே வேகமாக ஓடுகிறார் என்று நெடுங்காலம் நம்பினோம். மைதானத்தில் நின்று “காலைத் தூக்கு, வேகமாக வை” என்று கத்தியவர்களில் நானும் ஒருவன். 2000ஆம் ஆண்டில் அமெரிக்க உடலியங்கியல் அறிஞர் பீட்டர் வெயண்டும் அவரது குழுவினரும் வெளியிட்ட ஆய்வு இந்த நம்பிக்கையைப் புரட்டிப் போட்டது. தரையை விட்டெழுந்த காலை மீண்டும் முன்னால் கொண்டுவர, வேகமானவரும் மெதுவானவரும் ஏறத்தாழ ஒரே நேரத்தைத்தான் எடுத்துக்கொள்கிறார்கள். வேறுபாடு, கால் தரையில் இருக்கும் அந்தச் சிறு கணத்தில் இருக்கிறது. உச்ச வேகத்தில் ஓடும் ஒரு சிறந்த வீரரின் பாதம் தரையில் தங்குவது ஒரு விநாடியில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. அதற்குள் தன் உடல் எடையைப் போலப் பல மடங்கு விசையைத் தரைமீது செலுத்த வேண்டும். செலுத்தத் தெரிந்தவர் பறக்கிறார், மற்றவர் ஓடுகிறார்.

புறப்படும்போது கணக்கு சற்று மாறும். முதல் 20, 30 மீட்டர்களில் விசையின் அளவைவிட அதன் திசை முக்கியம். உடலைச் சாய்த்துத் தரையைப் பின்னோக்கித் தள்ள வேண்டும். பெர்லினில் 2009இல் போல்ட் 9.58 விநாடிகளில் ஓடியபோது முதல் 20 மீட்டருக்கு 2.89 விநாடிகளும், 60இலிருந்து 80 மீட்டர் வரையிலான 20 மீட்டருக்கு 1.61 விநாடிகளும் ஆயின. 195 செ.மீ. உயரமுள்ள அவர் அந்த 100 மீட்டரை 41 அடிகளில் முடித்தார். இதைக் கண்டு, உயரமே வேகம் என்று முடிவுகட்டியவர்களுக்குச் சீனாவின் சூ பிங்தியான் பதில் தந்தார். 172 செ.மீ. உயரமுள்ள அவர், 2021 டோக்கியோ ஒலிம்பிக் அரையிறுதியில் 9.83 விநாடிகளில் ஓடி ஆசியச் சாதனை படைத்தார். அப்போது அவருக்கு வயது 31. ஜமைக்காவின் ஷெல்லி-ஆன் ஃப்ரேசர்-பிரைஸின் உயரம் 152 செ.மீ. மட்டுமே. 10.60 விநாடிகள் வரை ஓடியவர் அவர்.

ஆக, நாம் தேட வேண்டியது குறுகிய கணத்தில் வெடித்தெழும் தசைத்திறன். தன் உடல் எடையோடு ஒப்பிடத்தக்க கால் வலிமை. தரையில் பட்டவுடன் பந்துபோல் எழும் கணுக்கால். இவற்றை அறிய ஆய்வுக்கூடம் தேவையில்லை. நின்ற இடத்திலிருந்து இரு கால்களாலும் முன்னோக்கித் தாண்டச் சொல்லி நாடாவால் அளந்தாலே போதும். பதின்ம வயதினரின் 30 மீட்டர் ஓட்ட நேரத்தோடு இந்தத் தாண்டுதலுக்கு நெருங்கிய தொடர்பு உண்டென்று பல நாட்டு ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியுள்ளன. மாறாக, உட்கார்ந்து கால்விரலைத் தொடும் நெகிழ்வுத்தன்மைக்கும் ஓட்ட வேகத்துக்கும் சொல்லத்தக்க உறவில்லை. துப்பாக்கிச் சத்தத்துக்கு எவ்வளவு விரைவாக எதிர்வினை புரிகிறார் என்பதும் நாம் நினைக்கும் அளவுக்கு முக்கியமில்லை. வீரர்களுக்கிடையே அதில் இருக்கும் வேறுபாடு விநாடியில் நூற்றில் சில பங்குகளே.

நம் பள்ளிகளில் எதை அளக்கிறோம்? கேலோ இந்தியா உடற்தகுதி மதிப்பீட்டில் 9 வயதுக்கு மேற்பட்டோருக்கு உயரம், எடை, 50 மீட்டர் ஓட்டம், 600 மீட்டர் ஓட்டம், உட்கார்ந்து முன்வளைதல், வயிற்றுத் தசைக்கான கர்ல்-அப், தண்டால் ஆகியவை இடம்பெறுகின்றன. பொதுவான உடல்நலத்தை அறிய இது நல்ல பட்டியல்தான். ஆனால், விரைவோட்டத்துக்கான உள்ளார்ந்த திறனைக் காட்டும் எளிய தாண்டுதல் சோதனை அதில் இல்லை. 50 மீட்டர் ஓட்ட நேரம் இருக்கிறது. அது விளைவைச் சொல்லும். விளைவுக்கான காரணத்தைச் சொல்லாது.

திறமையா, பருவமா?

இங்கேதான் சிக்கல் தொடங்குகிறது. தாண்டுதலுக்கும் ஓட்டத்துக்கும் தொடர்பிருக்கிறது என்று சொன்னேன். 12 முதல் 15 வயது வரையிலான நூறு சிறுவர்களை நிறுத்தி எதை அளந்தாலும் எல்லாவற்றுக்கும் எல்லாவற்றோடும் தொடர்பிருப்பதாகவே தெரியும். நன்றாகக் குண்டு எறிபவன் நன்றாகத் தாண்டுவான். நன்றாகத் தாண்டுபவன் வேகமாக ஓடுவான். அவனுக்குக் கைப்பிடி வலிமையும் அதிகமிருக்கும். காரணம், அவர்களில் சிலருக்குப் பருவம் வந்துவிட்டது, சிலருக்கு வரவில்லை. உடல் முதிர்ச்சி என்ற ஒற்றைக் காரணி பின்னால் நின்று எல்லா எண்களையும் ஒன்றாக இழுக்கிறது. முதிர்ச்சியின் பங்கைக் கழித்துவிட்டுப் பார்த்தால், இந்தத் தொடர்புகளில் கணிசமான பகுதி கரைந்துவிடும். எஞ்சி நிற்பதுதான் திறமை. நாம் கழிப்பதில்லை.

பெண் குழந்தைகளுக்கு உயரம் வேகமாகக் கூடும் காலம் சராசரியாக 12 வயதையொட்டி வருகிறது. ஆண் குழந்தைகளுக்கு 14 வயதையொட்டி. ஆனால், சராசரி என்பது ஏமாற்றும். எட்டாம் வகுப்பில் ஒரே பெஞ்சில் அமர்ந்திருக்கும் இரு மாணவர்களிடையே, பிறந்த தேதி ஒன்றாகவே இருந்தாலும், உடல் முதிர்ச்சியில் நான்கு ஆண்டுகள் வரை இடைவெளி இருக்கலாம். ஒருவன் ஏறக்குறைய இளைஞன், மற்றவன் சிறுவன். இருவரையும் ஒரே கோட்டில் நிறுத்தி விசில் ஊதிவிட்டு, முதலில் வந்தவனைத் திறமைசாலி என்கிறோம்.

வளர்ச்சி வேகமெடுக்கும்போது உடலில் நடப்பதும் வியப்புக்குரியது. பிரிட்டனில் பள்ளிச் சிறுவர்களை ஆராய்ந்த விளையாட்டு அறிவியலாளர்கள் ஒன்றைக் கவனித்தார்கள். உயரம் கூடும் கட்டத்தில் காலடியின் நீளம் கூடுகிறது. ஆனால் ஒரு விநாடிக்கு வைக்கும் அடிகளின் எண்ணிக்கை குறைகிறது, பாதம் தரையில் தங்கும் நேரமும் நீள்கிறது. ஒன்றை ஒன்று சமன்செய்துவிடுவதால் வேகம் கூடாமல் தேங்கி நிற்கிறது. எலும்பு முந்திக்கொள்கிறது, தசை பின்தங்குகிறது என்று எளிமையாகச் சொல்லலாம். நேற்றுவரை மான்போல் ஓடியவன் இன்று தன் கால்களே தனக்கு அந்நியமானதுபோல் தடுமாறுவான். “சோம்பேறியாகிவிட்டான், கைப்பேசி கெடுத்துவிட்டது” என்று வீட்டிலும் பள்ளியிலும் ஏச்சு விழும். பல சிறுவர்கள் ஓட்டத்தைக் கைவிடுவது இந்தச் சில மாதங்களில்தான்.

தமிழ்நாட்டில் நடத்தப்பட்டுவந்த உலகத் திறனாய்வுத் திட்டத்தில் 6, 7, 8ஆம் வகுப்பு மாணவர்களுக்கு 100, 200, 400 மீட்டர் ஓட்டங்கள், நீளம் தாண்டுதல், உயரம் தாண்டுதல், குண்டு எறிதல் ஆகியவை வைக்கப்பட்டன. கிராமத்துப் பிள்ளைகளைத் தேடிச் சென்ற நல்ல முயற்சி அது என்பதில் எனக்கு ஐயமில்லை. என் மாணவர்கள் சிலரும் அதனால் பயன்பெற்றார்கள். ஆனால், உடல் முதிர்ச்சியில் மிகப் பெரிய ஏற்றத்தாழ்வு நிலவும் மூன்று வகுப்புகளையே பார்த்து, அந்த ஏற்றத்தாழ்வைக் கணக்கில் எடுக்காமல் தேர்ந்தெடுத்தால், கிடைப்பவர்களில் பலர் சீக்கிரம் வளர்ந்தவர்களாகவே இருப்பார்கள். பின்னர் மற்றவர்கள் வளர்ந்து சமமாகும்போது, “சின்ன வயதில் நன்றாக ஓடினான், பிறகு என்னவோ ஆகிவிட்டது” என்கிறோம். ஒன்றும் ஆகவில்லை. பிறர் வளர்ந்தார்கள், அவ்வளவுதான்.

இத்தாலியில் விரைவோட்ட வீரர்கள், தாண்டுதல் வீரர்களின் பல ஆண்டுத் தரவுகளை ஆராய்ந்தவர்களும் இதே முடிவுக்குத்தான் வந்தார்கள்: 16 வயதில் நாட்டின் முன்னணியில் இருந்தவர்களில் சிறுபான்மையினரே பெரியவர்களானபோதும் முன்னணியில் இருந்தார்கள். நம் நாட்டிலேயே சான்று இருக்கிறது. கிரீஸில் 2025 ஜூலையில் 100 மீட்டரை 10.18 விநாடிகளில் ஓடி இந்தியச் சாதனை படைத்த சத்தீஸ்கரின் அனிமேஷ் குஜூர், பள்ளியில் கால்பந்து ஆடியவர். முறையாகத் தடகளத்துக்குள் வந்தது 2021இல், 18 வயதளவில். ஏழாம் வகுப்புத் தேர்வொன்றில் யாராவது அவரைக் கழித்துக்கட்டியிருந்தால் அவரே அதை அறிந்திருக்கமாட்டார். ஃப்ரேசர்-பிரைஸும் 2007இல் 20 வயதில் 11.31 விநாடிகள் ஓடிக்கொண்டிருந்தவர். அடுத்த ஆண்டு பெய்ஜிங்கில் 10.78 ஓடி ஒலிம்பிக் தங்கம் வென்றார்.

போல்ட் மட்டும் 15 வயதில், 2002 கிங்ஸ்டனில், உலக இளையோர் சாம்பியன் ஆனாரே என்று கேட்கலாம். ஆனார். விதிவிலக்குகளைப் பார்த்து விதி எழுதுவது நமக்குப் பழக்கமாகிவிட்டது. கவுட் கவுட்டுக்கும் இது பொருந்தும். 2025 டோக்கியோ உலக சாம்பியன்ஷிப்பில் 17 வயதில் அவர் 200 மீட்டர் அரையிறுதிவரை வந்தது பெரும் செய்திதான் என்றாலும், அதைக் காட்டி 13 வயதுச் சிறுவனிடம் கணக்குக் கேட்பது நியாயமில்லை.

ஒரு எக்ஸ்ரே படத்தின் கதை

என் மாணவன் ஒருவன் ஏழாம் வகுப்பிலேயே 165 செ.மீ. உயரம் இருந்தான். குரல் உடைந்திருந்தது. மாவட்டத்தில் அவனை நெருங்க ஆளில்லை. வெளிமாநிலத்தில் நடந்த ஓர் இளையோர் போட்டிக்கு அவனை அழைத்துச் சென்றேன். அங்கே இடது மணிக்கட்டை எக்ஸ்ரே எடுத்து, எலும்பு வயதின் அடிப்படையில், அவன் வயதுப் பிரிவைத் தாண்டியவன் என்று ஓடவிடாமல் அனுப்பிவிட்டார்கள். அவனுடைய பிறப்புச் சான்றிதழ் உண்மையானது என்பதை நான் அறிவேன். அவன் பிறந்த அரசு மருத்துவமனையின் பதிவையே அவன் தாய் கொண்டுவந்து காட்டியிருந்தார். திரும்பும் ரயிலில் அவன் பேசவேயில்லை. ஊரில் “வயதை மாற்றிக் கொடுத்தவன்” என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. எட்டாம் வகுப்பின் பாதியில் ஓடுவதை நிறுத்தினான்.

வயது மோசடி நம் தடகளத்தின் பெரு நோய். அதைத் தடுக்க 2010இலேயே தேசிய விதித்தொகுப்பு உருவாக்கப்பட்டது. சோதனையே கூடாது என்று நான் சொல்லவில்லை. சான்றிதழைத் திருத்தி இரண்டு வயது குறைத்து ஓடவிட்ட ஆசிரியர்களையும் பெற்றோரையும் நான் நேரில் கண்டிருக்கிறேன். ஆனால், எலும்புச் சோதனை சொல்வது ஒருவர் எப்போது பிறந்தார் என்பதையன்று. அவர் உடல் எவ்வளவு முதிர்ந்திருக்கிறது என்பதை. முழு ஆரோக்கியமுள்ள பிள்ளைகளிடமும் இவ்விரண்டும் ஓராண்டுக்கும் மேல் முன்பின்னாக விலகியிருப்பது இயல்பு. சீக்கிரம் வளரும் நேர்மையான பிள்ளையைக் குற்றவாளியாக்கவும், தாமதமாக வளரும் மோசடிக்காரரைத் தப்பவிடவும் அதனால் முடியும்.

முரண் என்னவென்றால், முதிர்ச்சியை அளக்கும் ஓர் அரிய கருவி நம் கையில் இருக்கிறது. அதைப் பயிற்சிக்கோ தேர்வுக்கோ பயன்படுத்தாமல், ஆளைப் பிடிப்பதற்கு மட்டும் பயன்படுத்துகிறோம். இங்கிலாந்தின் கால்பந்துப் பயிற்சியகங்கள் பல, பிறந்த தேதியை விட்டுவிட்டு உடல் முதிர்ச்சியின் அடிப்படையில் சிறுவர்களைக் குழுக்களாகப் பிரித்து ஆடவிட்டுப் பார்க்கின்றன. அங்கே சீக்கிரம் வளர்ந்தவன் தன் உடல் பலத்தை மட்டும் நம்ப முடியாது. தாமதமாக வளர்பவனுக்குத் தன் திறனைக் காட்ட இடம் கிடைக்கிறது. இதற்கு எக்ஸ்ரேகூட வேண்டாம். நிற்கும் உயரம், உட்கார்ந்த உயரம், எடை, பிறந்த தேதி ஆகியவை இருந்தால் வளர்ச்சியின் எந்தக் கட்டத்தில் ஒரு பிள்ளை இருக்கிறது என்பதை ஓரளவு கணிக்கச் சூத்திரங்கள் உள்ளன. அதுவும் கடினமென்றால், மூன்று மாதங்களுக்கு ஒருமுறை உயரத்தைக் குறித்தாலே போதும். ஆண்டுக்கு ஐந்து, ஆறு செ.மீ. வளர்ந்துகொண்டிருந்தவன் திடீரென எட்டு, ஒன்பது செ.மீ. வேகத்தில் வளரத் தொடங்கினால் கட்டம் வந்துவிட்டது என்று பொருள்.

இது தெரிந்தால் பயிற்சியும் மாறும். பருவத்துக்கு முந்தைய பிள்ளைகளுக்குக் குதித்தல், தாண்டுதல், ஓடிப்பிடித்தல் போன்றவையே வேகத்தை வளர்க்கின்றன. நாம் மறந்துவிட்ட பாண்டியையும் நொண்டியையும் வேறென்ன என்று சொல்வது? பருவம் கடந்தபின் வலிமைப் பயிற்சியும் சேர்ந்தால்தான் பலன் கூடுகிறது. “எடை தூக்கினால் வளர்ச்சி நின்றுவிடும்” என்ற அச்சத்துக்கு அடிப்படை இல்லை என்று 2014இல் பன்னாட்டு வல்லுநர்களின் கூட்டறிக்கை தெளிவுபடுத்திவிட்டது. தகுதியான கண்காணிப்பு வேண்டும் என்பதே நிபந்தனை. உயரம் விறுவிறுவெனக் கூடும் மாதங்களில் மட்டும் கடும் ஓட்டங்களைக் குறைக்க வேண்டும். முழங்காலுக்குக் கீழே எலும்பு புடைத்து வலிப்பது, குதிகால் வலி, தசைநார் இடுப்பெலும்பின் நுனியைப் பிய்த்துக்கொண்டு வருவது ஆகியவை இந்தப் பருவத்து ஓட்டக்காரர்களுக்கே உரிய காயங்கள். “வலியைப் பொறுத்துக்கொண்டு ஓடு” என்று நான் சொன்ன நாள்களை நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

பெண் பிள்ளைகளின் நிலை இன்னும் நுட்பமானது. பருவமெய்தியபின் ஆண்களுக்கு இயற்கையாகத் தசை கூடுகிறது. பயிற்சியே இல்லாவிட்டாலும் வேகம் சற்று உயரும். பெண்களுக்கு 13, 14 வயதில் வேகம் தேங்கிவிடுவது பொதுவானது. இது முடிவன்று, வலிமைப் பயிற்சியால் கடக்கக்கூடிய மேடுதான். ஆனால், அந்தப் பயிற்சி தேவைப்படும் அதே வயதில்தான் நாம் அவர்களை மைதானத்திலிருந்து வீட்டுக்கு அழைத்துக்கொள்கிறோம். பள்ளியில் உடை மாற்ற இடமில்லை, கழிப்பறை இருந்தால் தண்ணீரில்லை. இதோடு இரத்தசோகையும் சேர்கிறது. ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி (2019-21) 15 முதல் 19 வயது வரையிலான இந்தியப் பெண்களில் 59.1 விழுக்காட்டினருக்கும், ஆண்களில் 31.1 விழுக்காட்டினருக்கும் இரத்தசோகை இருந்தது. ஒற்றை 100 மீட்டர் ஓட்டத்தை இரத்தசோகை பெரிதாகக் குறைக்காது. ஆனால் நாள்தோறும் பயிற்சி செய்து மீண்டெழும் ஆற்றலைக் குறைத்துவிடும். பயிற்சி இல்லாமல் வேகம் ஏது?

உணவைப் பற்றிச் சொல்லும்போது ஒன்றைக் குறிப்பிட வேண்டும். 2022இல் தொடங்கப்பட்ட முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 1 முதல் 5ஆம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளைகளுக்காக வகுக்கப்பட்டது. நாடே திரும்பிப் பார்த்த திட்டம். ஆனால், கைக்குழந்தைப் பருவத்தைத் தாண்டியபின் உடல் மிக வேகமாக வளரும் பருவம் 6ஆம் வகுப்புக்குப் பிறகுதான் வருகிறது. காலை ஆறரை மணிப் பயிற்சிக்கு வெறும் வயிற்றோடு வந்து, வரக்காப்பியோடு வகுப்புக்குப் போகும் ஒன்பதாம் வகுப்பு மாணவியிடம் தசைத்திறனை எதிர்பார்ப்பவர்கள், இதைச் சற்று யோசிக்கலாம்.

பதக்கத்தின் அவசரம்

இத்தனையும் தெரிந்தபின்னும் நாம் ஏன் மாறுவதில்லை? ஏனென்றால், 17 வயதுக்குள் சான்றிதழ் வேண்டும். பொறுமையாக வளர்த்து 23 வயதில் ஒரு வீரரை உருவாக்கினால் பள்ளிக்கும் பயிற்றுநருக்கும் என்ன கிடைக்கும்? இன்று மாநிலப் பதக்கம் வாங்கினால் கல்லூரியில் இடம் கிடைக்கும். இந்த அவசரம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதை 2023 செப்டம்பரில் டெல்லி மாநிலத் தடகளப் போட்டியில் பார்த்தோம். ஊக்கமருந்துத் தடுப்பு அதிகாரிகள் வந்துவிட்டார்கள் என்ற செய்தி பரவியதும் வீரர்கள் பலர் கலைந்து போனார்கள். ஆண்கள் 100 மீட்டர் இறுதிப்போட்டியில் ஒரே ஒருவர் மட்டும் ஓடினார். அரங்கின் கழிப்பறையில் ஊசிகள் கிடந்த காட்சியும் வெளியானது. இளையோர் போட்டியில் ஓடிய ஒரு சிறுமி, முடிவுக்கோட்டைத் தாண்டியும் நிற்காமல் ஓடிக்கொண்டே இருந்தாள் என்று செய்திகள் சொல்லின. நாங்கள் சிலர் அதைச் சிரிப்பாகப் பகிர்ந்துகொண்டோம். சிரிப்பதற்கு அதில் என்ன இருந்ததென்று இப்போது தெரியவில்லை.

நம்பிக்கை தரும் மாற்றங்களும் உண்டு. மாவட்டங்களுக்கிடையிலான தேசிய இளையோர் தடகளப் போட்டியில் 14 வயதுக்கு உட்பட்டோருக்குத் தனி 100 மீட்டர் ஓட்டத்துக்கு மாறாக, 60 மீட்டர் ஓட்டம், நீளம் தாண்டுதல் முதலியவற்றைச் சேர்த்து மூன்று போட்டிகளின் கூட்டாக இந்தியத் தடகளக் கூட்டமைப்பு மாற்றியமைத்தது. ஒரே ஓட்டத்தில் முத்திரை குத்தாமல் பலவித அசைவுத் திறன்களைப் பார்க்கும் நல்ல முடிவு. பள்ளி விளையாட்டுப் போட்டிகளும் இந்த வழிக்கு வர வேண்டும். 8ஆம் வகுப்பு வரை தனி ஓட்டத்துக்குத் தரவரிசையோ விடுதிச் சேர்க்கையோ கூடாது. விடுதிகளில் ஆண்டுதோறும் ஒரு பகுதி இடங்களை 16, 17 வயதினருக்கென ஒதுக்கி வைக்க வேண்டும். தாமதமாக வளர்பவர்களுக்கு இரண்டாவது கதவு அது. கட்டைவிரலால் அழுத்தும் ஸ்டாப்வாட்ச், மின்னணுக் கருவியோடு ஒப்பிட்டால் ஏறத்தாழ கால் விநாடி குறைத்தே காட்டும் என்பதையாவது பெற்றோருக்குச் சொல்ல வேண்டும். 12.6 என்று மகிழ்ந்த அந்தத் தந்தையிடம் இதையும் சொன்னேன். அவருக்குப் பிடிக்கவில்லை.

செலவு பற்றிப் பேசுவோருக்கு: சுவரில் ஒட்டும் உயர அளவுகோல், ஓர் எடைப்பொறி, தாண்டுதலை அளக்க ஒரு நாடா, ஒரு பதிவேடு. இவற்றில் பெரும்பாலானவை எல்லாப் பள்ளிகளிலும் ஏற்கெனவே உண்டு. உடற்கல்விப் பாடவேளையைக் கணக்கு ஆசிரியர் கடன் வாங்காமல் இருந்தால் நேரமும் உண்டு.

என் பழைய பதிவேடுகளை அண்மையில் எடுத்துப் பார்த்தேன். எக்ஸ்ரேயால் திருப்பி அனுப்பப்பட்டவனின் பெயருக்கு எதிரே இரண்டு பக்கங்களுக்கு எண்கள் இருக்கின்றன. எல்லாம் ஓட்ட நேரங்கள், ஓர் உயரக் குறிப்புகூட இல்லை. அவனுடைய வகுப்பிலேயே, அன்று அவனுக்கு நான்கு தப்படி பின்னால் கடைசியாக வந்த மெலிந்த சிறுவன் ஒருவன் இருந்தான். பத்தாம் வகுப்புக்குள் வாசற்படியில் குனிந்து நுழையும் உயரத்துக்கு வளர்ந்துவிட்டான் என்பது நினைவிருக்கிறது. இப்போது திருப்பூரில் வேலை பார்க்கிறான் என்று கேள்வி. பதிவேட்டில் அவன் பெயருக்கு எதிரே ஏழாம் வகுப்பில் நான் எழுதிய ஒரே ஓர் எண் இருக்கிறது: 15.4. அதன் பிறகு அவனை நான் ஓடச் சொல்லவில்லை.